பதிலி அளவுகளின் தீர்ப்பு

2017ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியாவை டெங்கு உலுக்கியது. காய்ச்சலோடு வந்தவர்களால் வைத்தியசாலை நிறைந்தது. உயிரிழப்புகள் நேர்ந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் இலங்கை முழுவதும் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவாகினர். அதே ஆண்டு நவம்பர் 29ஆம் திகதி பிரெஞ்சு மருந்துக் கம்பனியான சனோஃபி ஓர் அறிவிப்பை வெளியிட்டது. முன்பு ஒருபோதும் டெங்கு தொற்றாத ஒருவருக்குத் தனது டெங்வாக்ஸியா தடுப்பூசியைப் போட்டால், பின்னர் அவருக்கு டெங்கு வரும்போது நோய் மேலும் கடுமையாகலாம் என்றது அந்த அறிவிப்பு. அதற்குள் பிலிப்பைன்ஸ் நாட்டில் 8 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு அந்த ஊசி போடப்பட்டிருந்தது.

டெங்வாக்ஸியா தரவுப் பஞ்சத்தில் பிறந்த மருந்தல்ல. பத்து நாடுகளில் 31 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் அது பரிசோதிக்கப்பட்டது. அத்தனை தரவு கையில் இருந்தும் ஒரு கம்பனி எப்படி இவ்வளவு பெரிய முடிவில் தவறியது? மருந்துக் கம்பனிகள் இன்று பெருந்தரவைக் காட்டிப் பெரும் உறுதிமொழிகள் தருகின்றன. அவற்றை எடைபோடுவதற்கு இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும். திருகோணமலை போன்ற ஒரு மாவட்டத்தில் இருந்துகொண்டு எடைபோடுவதற்குக் காரணம் உண்டு. அந்தத் தரவுகளில் நாம் பெரும்பாலும் இல்லை. அவற்றிலிருந்து பிறக்கும் முடிவுகள் மட்டும் நம்மிடம் வந்து சேர்கின்றன.

உறுதிமொழியும் உரைகல்லும்

கம்பனிகளின் வாதம் இது. மின்னணு மருத்துவப் பதிவுகள், காப்புறுதிப் பட்டியல்கள், பார்மசி விற்பனை, மரபணு வரிசைகள் ஆகியவற்றை ஒன்றுசேர்த்தால், எந்த நோய்க்கு மருந்து தேடுவது, யாரிடம் பரிசோதிப்பது, எங்கே விற்பது, எதைக் கைவிடுவது என்ற நான்கு முடிவுகளையும் விரைவாகவும் துல்லியமாகவும் எடுக்கலாம். இந்த நம்பிக்கைக்குப் பின்னால் பெரும் பணம் நிற்கிறது. மருந்து விற்பனைத் தரவைச் சேகரித்து விற்ற ஐஎம்எஸ் ஹெல்த், மருந்துப் பரிசோதனைகளை நடத்தித்தரும் குயின்டைல்ஸுடன் 2016இல் இணைந்து, இன்றைய ஐகியூவியா ஆனது. புற்றுநோயாளரின் மருத்துவப் பதிவுகளைத் தொகுக்கும் ஃபிளாட்டைரன் ஹெல்த்தை 2018இல் 190 கோடி டொலர் கொடுத்து ரோஷ் வாங்கியது. எந்த வைத்தியர் எந்த மருந்தை எத்தனை தடவை எழுதுகிறார் என்ற விபரத்தை விற்பனைப் பிரதிநிதிகளுக்காக வாங்கும் உரிமையைக்கூட, 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கம்பனிகளின் பக்கம் நின்று காத்தது.

இந்த உறுதிமொழியை மூன்று கேள்விகளால் உரசிப் பார்க்கலாம். முடிவுக்கு உண்மையில் எது தேவையோ அதை அளந்தார்களா, அல்லது அதன் இடத்தில் எளிதாகக் கிடைத்த வேறொன்றை நிறுத்தினார்களா? எண்ணப்பட்டவர்களுக்குள் முடிவின் விளைவைச் சுமக்கப்போகிறவர்கள் இருக்கிறார்களா? கம்பனிக்கு வெளியே இருப்பவர் ஒருவர் அந்தத் தரவைத் திறந்து சரிபார்க்க முடியுமா? அளக்க வேண்டியதன் இடத்தில் நிற்கும் அளவைப் பதிலி அளவு எனலாம். பெருந்தரவின் வெற்றிகளும் தோல்விகளும் பெரும்பாலும் இந்தப் பதிலியைச் சுற்றியே அமைகின்றன.

வெற்றி எங்கே

நியாயமான எடைபோடல் வலிமையான சான்றிலிருந்து தொடங்க வேண்டும். பிசிஎஸ்கே9 என்ற மரபணுவின் கதை அத்தகையது. அமெரிக்காவில் டாலஸ் நகர மக்களிடம் நடந்த இதய ஆய்வில், கறுப்பினத்தவர் தம் மக்கள்தொகை விகிதத்தைவிட அதிகமாகவே வேண்டுமென்று சேர்க்கப்பட்டனர். அவர்களுள் சிலருக்கு இந்த மரபணு செயலிழந்திருந்தது. அவர்களின் இரத்தத்தில் தீய கொலஸ்ட்ரோல் இயல்பாகவே மிகக் குறைவாக இருந்தது. 2006இல் வெளியான மற்றொரு ஆய்வு, அப்படிப்பட்ட மரபணு மாற்றம் உள்ள கறுப்பினத்தவருக்கு இதய நாள நோய் வரும் வாய்ப்பு 88 வீதம் குறைவு எனக் காட்டியது. மரபணு ஒன்று வாழ்நாள் முழுவதும் செய்துவரும் வேலையை மருந்தால் செய்யலாம் என்ற முடிவு அதிலிருந்து பிறந்தது. 2015இல் இரண்டு மருந்துகள் அமெரிக்காவில் அனுமதி பெற்றன.

இந்த முடிவு சரியாக அமைந்ததற்குக் காரணம் தரவின் பருமன் மட்டுமன்று. அளக்க வேண்டியது நேராக அளக்கப்பட்டது: மரபணு, கொலஸ்ட்ரோல், மாரடைப்பு. வழக்கமாக விடுபடும் மக்கள் திட்டமிட்டுச் சேர்க்கப்பட்டனர். ஐரோப்பிய வம்சாவளியினரில் அந்த மாற்றங்கள் அரிது என்பதால், அவர்களை மட்டும் எண்ணியிருந்தால் இவ்வளவு தெளிவான சான்று கிடைத்திருக்காது. முடிவுகள் வெளியிடப்பட்டுப் பிறராலும் சோதிக்கப்பட்டன. மூன்று கேள்விகளுக்கும் விடை இருந்தது. அறிமுகமானபோது அந்த மருந்துகளின் ஆண்டு விலை ஏறத்தாழ 14 ஆயிரம் டொலராக இருந்தது என்பதையும் இங்கேயே குறித்துவைக்க வேண்டும். யாருடைய உடல் கண்டுபிடிப்புக்கு வழிகாட்டியதோ அவர்களுள் பலருக்கு மருந்து எட்டவில்லை.

டெங்கு: வயது நின்ற இடம்

டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகை தொற்றிக் குணமானவரை இன்னொரு வகை தொற்றும்போது, முதல் தொற்றில் உருவான எதிர்ப்பொருள்கள் சில வேளைகளில் வைரஸுக்கே துணைபோகின்றன. இரண்டாம் டெங்கு பல சமயம் முதலாவதைவிடக் கடுமையாக இருப்பது அதனால்தான். தடுப்பூசியே உடலுக்கு முதல் தொற்றுப்போல அமைந்துவிடுமானால், ஊசி போட்ட பிள்ளைக்கு வரும் முதல் உண்மையான டெங்கு, இரண்டாவதைப்போல நடந்துகொள்ளலாம். எனவே டெங்குத் தடுப்பூசி ஒன்றை மதிப்பிட எல்லாவற்றுக்கும் முன்னே தெரிய வேண்டியது, ஊசி போடுவதற்கு முன் அந்தப் பிள்ளைக்கு டெங்கு வந்திருந்ததா என்பதே.

சனோஃபியின் பெரும் பரிசோதனைகளில், ஊசிக்கு முன்பான இரத்தம் பிள்ளைகளில் ஒரு சிறு பகுதியினரிடம் மட்டுமே எடுக்கப்பட்டது. ஏறத்தாழ 4,000 பேர். மற்றவர்களைப் பற்றி அந்த அடிப்படைக் கேள்விக்கு விடை இல்லை. ஆசிய நாடுகளில் நடந்த பரிசோதனையின் மூன்றாம் ஆண்டில், ஊசி போட்ட 2 முதல் 5 வயதுப் பிள்ளைகள் போடாதவர்களைவிட அதிகமாக டெங்குவுக்காக வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டனர். அந்த எச்சரிக்கைக்குக் கம்பனி கண்ட தீர்வு, 9 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மட்டும் ஊசி என்பது. வயது கூடிய பிள்ளைக்கு முன்பே டெங்கு வந்திருக்கும் என்ற ஊகம் அதன் அடியில் இருந்தது. முன்தொற்று என்ற உண்மைக் காரணியின் இடத்தில் வயது உட்கார்ந்தது. டெங்கு ஆராய்ச்சியில் பல பத்தாண்டுகள் செலவிட்ட ஸ்கொட் ஹால்ஸ்டெட் இந்த ஆபத்தை 2016இலேயே எழுதி எச்சரித்தார். அந்த ஆண்டு ஏப்ரலில் பிலிப்பைன்ஸ் பாடசாலைகளில் ஊசித் திட்டம் தொடங்கிவிட்டது.

பரிசோதனையின் 13ஆம் மாதத்தில் எடுத்த இரத்த மாதிரிகளைப் பின்னர் புதிய சோதனை முறையால் ஆராய்ந்து, உண்மையைக் கண்டு வெளியிட்டதும் அதே கம்பனிதான். அந்த நேர்மைக்கு உரிய மதிப்பைக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் விலை கொடுத்தவர்கள் வேறு. தடுப்பூசிகள் முக்கியமானவை என்பதை உறுதியாக ஏற்ற பிலிப்பைன்ஸ் மக்களின் பங்கு 2015இல் 93 வீதமாக இருந்தது. 2018இல் அது 32 வீதமாக வீழ்ந்ததாக ஓர் ஆய்வு காட்டியது. ஒரு தடுப்பூசியின் பிழை எல்லாத் தடுப்பூசிகள் மீதும் விழுந்தது.

இதற்கு நேர்மாறான சான்று நம் நாட்டையும் தொடுகிறது. ஜப்பானின் டக்கேடா கம்பனி தனது டெங்குத் தடுப்பூசியை எட்டு நாடுகளில் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் பரிசோதித்தது. இலங்கைப் பிள்ளைகளும் அதில் பங்கேற்றனர். பிள்ளைகளின் எண்ணிக்கை சனோஃபியைவிடக் குறைவு. ஆனால் ஊசிக்கு முன்பாக எல்லாப் பிள்ளைகளிடமும் இரத்தம் எடுக்கப்பட்டது. முன்பு டெங்கு வராத பிள்ளைகளுக்கு மூன்றாம் வகை டெங்குவிலிருந்து இந்த ஊசி பாதுகாப்புத் தரவில்லை என்ற பாதகமான விபரம் அதனால்தான் வெளிப்படையாகத் தெரியவந்தது. டெங்கு கடுமையாகப் பரவும் இடங்களில் 6 முதல் 16 வயதுக்குட்பட்டோருக்கு இதைப் போடலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2023இல் பரிந்துரைத்தபோது, எதை நம்பலாம், எங்கே கவனம் வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தது. 31 ஆயிரத்தைவிட 20 ஆயிரம் கூடுதல் உண்மையைச் சொன்னது.

பாம்புக் கடி: விற்பனை நின்ற இடம்

இரண்டாம் கேள்வி எண்ணப்பட்டவர் யார் என்பது. வயல்வெளியும் காடும் குளமும் சேர்ந்த கந்தளாய், சேருவில, கோமரங்கடவல, வெருகல் பக்கத்தில் பாம்புக் கடி என்ன செய்யும் என்பதை யாரும் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆனால் அது மருந்துச் சந்தையின் கணக்கில் மிகச் சிறிய நோய்.

2012, 2013ஆம் ஆண்டுகளில் இலங்கை ஆய்வாளர்கள் நாடெங்கும் 44 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சென்று, பாம்பு கடித்ததா என்று நேரடியாகக் கேட்டனர். 2016இல் வெளியான அந்த ஆய்வின் மதிப்பீட்டின்படி, ஓர் ஆண்டில் 80 ஆயிரத்துக்கும் அதிகமானோரைப் பாம்பு கடித்தது. 30 ஆயிரத்துக்கும் அதிகமானோருக்கு நஞ்சு ஏறியது. 400க்கும் மேற்பட்டோர் இறந்தனர். வைத்தியசாலைப் பதிவுகளில் தெரிந்ததைவிட இது மிக அதிகம். கடிபட்டவர்களில் பலர் நாட்டு வைத்தியரிடம் போனார்கள், அல்லது எங்குமே போகவில்லை. வைத்தியசாலைப் பதிவை மட்டும் வைத்து எத்தனை நுட்பமான கணிப்பு செய்தாலும், வைத்தியசாலைக்கு வராதவரை அது காணாது. ஆட்கள் படி ஏறி இறங்கிக் கேட்டபோதே அவர்கள் கணக்குக்குள் வந்தார்கள்.

இலங்கை நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் நஞ்சுமுறி மருந்து இந்தியாவில் தயாராவது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கு இந்தியப் பாம்புகளின் நஞ்சைக்கொண்டு அது உருவாக்கப்படுகிறது. மாமல்லபுரத்துக்கு அருகே 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அந்த நஞ்சை வழங்கும் முக்கிய மூலம். ஒரே இனப் பாம்பாயினும் இடத்துக்கு இடம் நஞ்சின் சேர்க்கை மாறும். சிங்களத்தில் குணகட்டுவா எனப்படும் குழிவிரியன் இலங்கையில் ஏராளமானோரைக் கடிக்கிறது. அதன் நஞ்சுக்கு அந்த மருந்தில் இடமே இல்லை. நோய் இருக்கிறது, நோயாளர் இருக்கிறார்கள், தேவை அளக்கப்பட்டும் இருக்கிறது. சந்தை மட்டும் சிறியது.

அந்தச் சிறுமை எங்கே கொண்டுபோய்விடும் என்பதை ஆபிரிக்கா கண்டது. பத்து ஆபிரிக்கப் பாம்புகளுக்கு எதிரான ஃபாவ் ஆஃப்ரிக் என்ற நஞ்சுமுறி மருந்தின் உற்பத்தியைச் சனோஃபி நிறுத்தியது. கடைசித் தொகுதி 2016 ஜூனில் காலாவதியானது. உலகில் ஆண்டுதோறும் 81 ஆயிரம் முதல் 1 இலட்சத்து 38 ஆயிரம் வரையானோர் பாம்புக் கடியால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. கம்பனியின் விற்பனைத் தரவில் பிழை இருந்ததாக யாரும் சொல்லவில்லை. அது வாங்கியவரைச் சரியாகவே எண்ணியது. கடிபட்டு, வாங்க வழியில்லாதவரை எண்ணவில்லை. பதவி சிறிபுர போன்ற விவசாயப் பகுதிகளை வாட்டும், காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய்க்கும் இதே நிலைதான். ஏழை விவசாயியின் நோய் விற்பனை வரைபடத்தில் ஒரு வெற்றிடமாகவே தெரியும்.

கையிருப்பேடு: விநியோகம் நின்ற இடம்

கம்பனிகளை மட்டும் குற்றம் சொல்லி நிறுத்திக்கொள்வது சரியாகாது. அதே வழக்கம் நம் அரச மருந்து வழங்கலிலும் ஊறியிருக்கிறது. அடுத்த ஆண்டுக்கு எவ்வளவு மருந்து வேண்டும் என்பதைக் கணிக்கும்போது, சென்ற ஆண்டுகளில் எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பதே முதன்மையான வழிகாட்டி. மருந்து தடையின்றி இருக்கும் காலத்தில் இது பொருந்தும். தட்டுப்பாட்டுக் காலத்தில் இதே கணக்கு ஏமாற்றும். ஒரு கிளினிக்குக்கு மாதம் 1,000 குளிசை தேவை என்றும், ஆறு மாதம் கையிருப்பு இல்லை என்றும் வைத்துக்கொள்வோம். ஏட்டில் ஆண்டு விநியோகம் 6,000 என்று பதியும். தேவை 12,000. அடுத்த ஆண்டின் கட்டளை 6,000ஐப் பார்த்து எழுதப்பட்டால், சென்ற ஆண்டின் தட்டுப்பாடு இந்த ஆண்டின் திட்டமாகிவிடும்.

2022ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி வற்றி நாடெங்கும் மருந்து அருகியபோது, நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து எடுப்பவர்கள் துண்டோடு வெளியே அனுப்பப்பட்டனர். கையில் காசிருந்தவர் பார்மசியில் வாங்கினார். அது விற்பனையாகப் பதிந்தது. இல்லாதவர் மருந்தை நிறுத்தினார். அது எங்கும் பதியவில்லை. அவருடைய நோயின் முழு வரலாறும் அவர் பையில் கொண்டுதிரியும் கிளினிக் கொப்பியில் கிடக்கிறது. அந்தக் கொப்பி எந்தத் தரவுத்தளத்தையும் சென்றடைவதில்லை.

அமெரிக்காவில் இதே பிழை மென்பொருளாக வடிவெடுத்ததை 2019இல் ஓர் ஆய்வு அம்பலமாக்கியது. யாருக்குக் கூடுதல் மருத்துவக் கவனிப்பு வேண்டும் எனக் கணிக்க வேண்டிய நிரல், யாருக்கு எவ்வளவு செலவாயிற்று என்பதை அளந்துகொண்டிருந்தது. கறுப்பினத்தவருக்குச் செலவிடப்படுவது குறைவு. ஆகவே அதே அளவு நோயுற்றிருந்தும் அவர்கள் ஆரோக்கியமானவர்களாகக் கணிக்கப்பட்டனர்.

மரபணு: 102 பேர்

உலகின் மரபணு வேறுபாடுகளைத் தொகுத்த ஆயிரம் மரபணுத்தொகுதிகள் திட்டம் 2015இல் நிறைவுற்றது. 26 மக்கட் குழுக்களைச் சேர்ந்த 2,504 பேரின் தரவு அதில் உண்டு. அந்த 26இல் ஒன்று, பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர். அவர்கள் 102 பேர். எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட அந்தத் தரவுதான் உலகெங்கும் மருந்தாராய்ச்சியில் நம்மைக் குறித்து நிற்கும் முதன்மையான மாதிரிகளில் ஒன்று. புலம்பெயர்ந்த 102 பேரின் வழியாகவாவது நாம் அங்கே இருக்கிறோம் என்பது நல்லதே. ஏறத்தாழ 3 இலட்சத்து 80 ஆயிரம் பேர் 2012இல் எண்ணப்பட்ட, தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் சேர்ந்து வாழும் இந்த மாவட்டத்தை அது எவ்வளவு குறிக்கும் என்று கேட்டால், விடை சிறியது. 2019இல் வெளியான ஒரு கணக்கின்படி, நோய்களுக்கும் மரபணுவுக்குமான தொடர்பைத் தேடிய ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் ஏறத்தாழ 78 வீதத்தினர் ஐரோப்பிய வம்சாவளியினர்.

இதன் விளைவு நமது கிளினிக் வரை வருகிறது. மாரடைப்புக்குப் பின் கொடுக்கப்படும் குளோபிடோகிரெல் குளிசை, ஈரலில் உள்ள ஒரு நொதியால் மாற்றப்பட்ட பின்னரே வேலை செய்யும். பிரித்தானியாவில் வாழும் பங்களாதேஷ், பாகிஸ்தான் வம்சாவளியினரிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், 57 வீதத்தினருக்கு அந்த நொதியின் திறன் மரபு வழியாகக் குறைவாக இருந்தது. அந்த மருந்தை நிலைநாட்டிய ஆரம்பப் பெரும் பரிசோதனையில் பங்கேற்றவர்கள் பெரும்பாலும் வெள்ளையர். அந்த வீதம் அப்படியே நமக்கும் பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. நம்மிடம் அளந்து பார்க்க வேண்டும் என்பதற்கு அதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

யார் சரிபார்ப்பது

மூன்றாம் கேள்விக்கு வருவோம். மேர்க் கம்பனியின் வயொக்ஸ் என்ற வலிநிவாரணி 1999இல் சந்தைக்கு வந்தது. மறு ஆண்டே ஒரு பரிசோதனையில், நப்ரொக்சன் என்ற மற்றொரு வலிநிவாரணியை எடுத்தவர்களைவிட வயொக்ஸ் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு பல மடங்கு அதிகமாக வந்தது. வயொக்ஸ் கெடுதல் செய்யவில்லை, நப்ரொக்சன்தான் இதயத்தைக் காத்தது என்று கம்பனி விளக்கம் சொன்னது. 2004 செப்டெம்பர் 30 வரை மருந்து விற்பனையில் இருந்தது. பின்னர், கலிஃபோர்னியாவின் கைசர் மருத்துவ அமைப்பில் இருந்த 14 இலட்சம் பேரின் பதிவுகளை அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் விஞ்ஞானி ஒருவரும் அவரது குழுவினரும் ஆராய்ந்து, அமெரிக்காவில் மட்டும் 88 ஆயிரம் முதல் 1 இலட்சத்து 40 ஆயிரம் வரையான கடும் இதயநோய்ச் சம்பவங்களுக்கு இந்த மருந்து காரணமாயிருக்கலாம் என மதிப்பிட்டனர். பெருந்தரவின் மிகச் சிறந்த பயன் இதுதான்: மருந்து வெளியே வந்த பிறகு, அது செய்யும் தீங்கைக் காண்பது. அந்தத் தரவு கம்பனியின் கையில் இல்லை, கம்பனிக்கு வெளியே இருந்தது என்பதும் சேர்ந்தே அந்தப் பயனைத் தந்தது.

மறுபக்கத்தில் சர்ஜிஸ்ஃபியர் என்ற தரவு நிறுவனம் நிற்கிறது. 2020 மே 22ஆம் திகதி லான்செட் இதழில் வந்த கட்டுரை, அந்த நிறுவனம் திரட்டிய 671 வைத்தியசாலைகளின் 96,032 கொரோனா நோயாளரின் தரவு எனச் சொல்லி, ஹைட்ரொக்ஸிகுளோரோகுயின் ஆபத்தானது என்றது. சில நாட்களுக்குள் உலக சுகாதார நிறுவனம் அந்த மருந்தின் பரிசோதனையை இடைநிறுத்தியது. அவுஸ்திரேலியாவில் அப்போது பதிவாகியிருந்த மொத்த மரணங்களைவிடக் கூடுதலான மரணங்கள் அந்தத் தரவில் இருப்பதைப் பிறர் கண்டு சொன்னார்கள். மூலத் தரவைக் காட்டச் சொன்னபோது சர்ஜிஸ்ஃபியர் மறுத்தது. ஜூன் 4இல் கட்டுரை மீளப்பெறப்பட்டது. அந்த மருந்து கொரோனாவுக்கு உதவாது என்று பின்னர் முறையான பரிசோதனைகள் காட்டின. ஆயினும் எவரும் திறந்து பார்க்க முடியாத தரவின் சொல்லை நம்பி உலகம் சில நாட்கள் நடந்தது.

அதனுடன் இலங்கை ஆய்வொன்றை ஒப்பிட வேண்டும். நஞ்சுமுறி மருந்து ஏற்றும்போது நம் நோயாளருக்கு அடிக்கடி வரும் கடும் ஒவ்வாமையைத் தடுப்பது எப்படி என்று நம் வைத்தியர்கள் 1,007 நோயாளரிடம் முறைப்படி பரிசோதித்து 2011இல் வெளியிட்டனர். குறைந்த அளவு அட்ரினலின் முன்கூட்டியே கொடுத்தால் முதல் ஒரு மணி நேரத்தில் கடும் ஒவ்வாமை 43 வீதம் குறைந்தது. நம்மிடையே உள்ள கேள்வி, நம் நோயாளர், திறந்த முறை. உயிர்காக்கும் முடிவுக்கு அது போதுமாயிருந்தது.

தரவைக் காக்கும் கடமையில் நாம் தவறியதும் உண்டு. மருந்துகளைப் பதிவுசெய்யும் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையின் தரவு, அரச மேகக்கணினியிலிருந்து அழிந்ததாக 2021இல் வெளிவந்த செய்தி குற்றப் புலனாய்வு விசாரணை வரை சென்றது. கம்பனிகளின் தரவைச் சோதிக்க வேண்டிய நிறுவனம், முதலில் தன் ஏட்டைக் காத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு மறுப்புகள்

தரவு இன்னும் பெருகும்போது இந்தக் குறைகள் தாமாகத் தீரும் என்பது முதல் மறுப்பு. எண்ணிக்கை கூடினால் தற்செயலான பிழை குறையும் என்பது உண்மை. ஒருபக்கச் சாய்வு அப்படிக் குறையாது. வைத்தியசாலைக்கு வந்தவரின் பதிவுகளைப் பத்து மடங்கு பெருக்கினாலும் வராதவர் அதில் சேரமாட்டார். சாய்வோடு கூடிய பெரிய தரவு, தவறான விடையைக் கூடுதல் உறுதியோடு சொல்லும்.

கம்பனி என்றால் இலாபக் கணக்குப் பார்க்கத்தான் செய்யும், அதைக் குறைகூறுவதில் பயன் இல்லை என்பது இரண்டாம் மறுப்பு. இதில் நியாயம் உண்டு. நட்டத்தில் மருந்து செய்யக் கம்பனியைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் கம்பனியின் கணக்கையே நாட்டின் கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. மருந்தியல் பேராசிரியர் சேனக்க பிபிலே அரை நூற்றாண்டுக்கு முன் காட்டிய வழி அதுதான். 1971இல் உருவான அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் வழியாக, சந்தையில் என்னென்ன விற்கிறது என்பதிலிருந்து தொடங்காமல், மக்களுக்கு என்னென்ன நோய், அவற்றுக்கு எவை இன்றியமையாத மருந்துகள் என்பதிலிருந்து அவர் தொடங்கினார். கணினி வளராத காலத்தில் இந்தச் சிறிய நாடு கேட்ட கேள்வி, இன்று பல கணினிகள் கேட்கத் தவறும் கேள்வி.

தீர்ப்பு

மருந்துக் கம்பனிகள் பெருந்தரவைக் கொண்டு எடுக்கும் முடிவுகளை மொத்தமாக ஏற்கவோ மொத்தமாகத் தள்ளவோ இயலாது. முடிவின் வகையைப் பொறுத்துத் தீர்ப்பு மாறுகிறது. எந்த உயிரியல் இலக்கை நோக்கி மருந்து தேடுவது என்ற முடிவில் அது சிறந்த கருவி. மருந்து செய்யும் தீங்கைக் கண்டுபிடிப்பதிலும் அது சிறந்த கருவிதான், தரவு கம்பனிக்கு வெளியேயும் திறந்திருக்கும்வரை. யாருக்கு ஊசி போடுவது என்ற முடிவில் அதை நிபந்தனையோடு ஏற்கலாம். டெங்வாக்ஸியா காட்டியபடி, உரிய காரணி தொடக்கத்திலேயே அளக்கப்பட்டிருக்க வேண்டும். யாருக்கு எந்த மருந்து தேவை, எதை உற்பத்தி செய்வது, எங்கே அனுப்புவது என்ற முடிவில் அதை நம்பத் தகாது. அங்கே அது வாங்கும் சக்தியை அளந்துவிட்டு நோயை அளந்ததாகச் சொல்கிறது.

இந்தத் தீர்ப்பிலிருந்து சில கோரிக்கைகள் பிறக்கின்றன. புதிய மருந்தொன்றைப் பதிவுசெய்ய விண்ணப்பிக்கும் கம்பனி, தென்னாசியர் எத்தனை பேரிடம் அது பரிசோதிக்கப்பட்டது, எந்தக் காரணியின் இடத்தில் எந்தப் பதிலி அளவு நிறுத்தப்பட்டது, மூலத் தரவை வெளியார் யார் சரிபார்த்தார்கள் என்ற மூன்று விபரங்களையும் எழுத்தில் தர வேண்டும் என அதிகார சபை விதிக்க வேண்டும். மருந்து வழங்கும் ஒவ்வொரு நிலையத்திலும், கொடுத்த அளவோடு கையிருப்பு இல்லாத நாட்களும் பதியப்பட வேண்டும். அடுத்த ஆண்டின் கட்டளை அந்த இரண்டையும் பார்த்தே எழுதப்பட வேண்டும். பாம்புக் கடிக்காக வீடு வீடாகச் சென்ற ஆய்வைப்போல, மருந்தை இடையில் நிறுத்தியவர்களையும் தேடிச் செல்லும் ஆய்வு மாவட்டந்தோறும் நடக்க வேண்டும். கிளினிக் கொப்பிகளைக் கணினிக்குக் கொண்டுசெல்லும் நாளில், 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் முழு வலுவோடு முன்னே நிற்க வேண்டும். இந்த மக்களின் உடல் விபரம் இந்த மக்களின் நன்மைக்குப் பயன்படும் முன்பே விற்பனைக்குப் போய்விடக் கூடாது.

இவற்றில் எதற்கும் அரிய தொழில்நுட்பம் தேவையில்லை. ஏட்டில் ஒரு நிரல் கூடுதலாக வேண்டும், விண்ணப்பப் படிவத்தில் மூன்று கேள்விகள் வேண்டும், வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு ஆட்கள் வேண்டும். அடுத்த டெங்குத் தடுப்பூசியோ அடுத்த நஞ்சுமுறி மருந்தோ அனுமதிக்காக நம் நாட்டுக்கு வரும்போது, அதன் பின்னால் எத்தனை கோடிப் பதிவுகள் உள்ளன என்ற பெருமையைக் கேட்டு நாம் தலையாட்டத் தேவையில்லை. எதை அளந்தீர்கள், எங்களில் யாரை அளந்தீர்கள், காட்டுங்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அதற்கு விடை இல்லாத தரவு, எவ்வளவு பெரியதாயினும், இந்த மாவட்டத்தின் நோயாளர்மீது முடிவெடுக்கத் தகுதி பெறாது.